டாக்ஸிவேயில் வழி தெரிய எதை நம்புவது: காகிதப் படமா, ஐபேடா, கோபுரத்துக் குரலா?

விமானம் ஓட்டப் பழகும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளில் சிலர் இரத்மலானையில் இருக்கிறார்கள். வேறு சிலர் சித்தப்பா வீட்டிலோ மாமி வீட்டிலோ தங்கி மெல்பேர்ணிலும் ரொறொன்ரோவிலும் படிக்கிறார்கள். அவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது மேலே பறப்பதைப் பற்றியதல்ல. "அண்ணை, தரையில ஓடேக்கதான் குழம்புது. ஐபேட் ஒண்டு வாங்கினால் சரி வருமோ, இல்லாட்டி படத்தை அச்சடிச்சு மடியில வைச்சால் காணுமோ?" என்பதுதான்.

வீட்டில் உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வி சிரிப்பாக இருக்கும். வானத்தில் வழி கண்டுபிடிக்கிறவனுக்குத் தரையில் என்ன கஷ்டம்? கஷ்டம் இருக்கிறது. செஸ்னா 172 போன்ற சின்ன விமானத்தில் ஓட்டுகிறவரின் கண் ஏறத்தாழ ஓர் ஆள் உயரத்தில்தான் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் முன்னால் பிரிகிற டாக்ஸிவேகள் (தரிப்பிடத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையே விமானம் ஓடுகிற பாதைகள்) எல்லாம் ஒரே தார்ப்பரப்பாகத் தெரியும். இரவில் இன்னும் மோசம். ஓரங்களில் உள்ள நீல விளக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்; எது எந்தப் பாதையின் ஓரம் என்று பிரித்தறிய முடியாது. பெரிய விமானங்களில் ஒருவர் ஓட்ட மற்றவர் படம் பார்ப்பார். தனியே போகிற பழகுநருக்கு ஓட்டுவதும், படம் பார்ப்பதும், ரேடியோவில் கதைப்பதும், என்ஜின் அளவுமானிகளைக் கவனிப்பதும் ஒரே தலைக்குள் நடக்க வேண்டும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காகிதப் படமும் கோபுரத்தைக் கேட்டுப் போவதும் முதலில், ஐபேட் அதற்குப் பிறகு. ஐபேட்டை ஒதுக்குகிற ஆள் நானில்லை. கீழே சொல்லப்போகிற ஒரு விபத்தில் அது இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்கலாம் என்றே நினைக்கிறேன். இருந்தும் இந்த ஒழுங்கு ஏன் என்றால், தரையில் வழி தவறுவது ஒரே மாதிரி நடப்பதில்லை.

வழி தவறுவதில் இரண்டு வகை

2001 ஒக்டோபர் 8ஆம் திகதி காலை, மிலான் நகரின் லினாத்தே விமான நிலையம். கடும் மூடுபனி. சின்ன விமானங்கள் நிற்கும் மேற்குப் பக்கத்திலிருந்து புறப்பட்ட செஸ்னா சிற்றேஷன் ஒன்றுக்கு ஆர்5 என்ற பாதையால் வடக்கே போகும்படி சொல்லப்பட்டது. விமானிகள் ஆர்5 என்று திருப்பிச் சொன்னார்கள். ஆனால் ஓடியது ஆர்6 இல். அது நேரே பிரதான ஓடுபாதையைக் குறுக்கறுக்கும் பாதை. அதே நேரத்தில் எஸ்ஏஎஸ் நிறுவனத்தின் எம்டி-87 பயணிகள் விமானம் மேலெழும்ப ஓடி வந்தது. 118 பேர் இறந்தார்கள். நிலத்தில் போட்டிருந்த குறிகள் மங்கியிருந்தன; பெயர்ப்பலகைகள் சர்வதேச முறைப்படி இல்லை; பழைய தரைக் கண்காணிப்பு ராடரை எடுத்துவிட்டுப் புதியது இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. சிற்றேஷன் விமானி தான் நின்ற இடத்தை நிலத்தில் கண்ட குறியை வைத்து "எஸ்4" என்று சொன்னார். கோபுரத்திலிருந்து வழியும் அனுமதியும் சொல்கிற கன்ட்ரோலரின் கையிலிருந்த படத்தில் அப்படி ஒரு குறியே இல்லை. சொன்னவருக்கும் இடம் தெரியவில்லை, கேட்டவருக்கும் தெரியவில்லை.

2024 ஜனவரி 2ஆம் திகதி மாலை, டோக்கியோ ஹனேடா. முதல்நாள் நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட நோட்டோ பகுதிக்கு நிவாரணம் கொண்டுபோகவிருந்த கரையோரக் காவற்படையின் டாஷ் 8 விமானத்துக்கு, சி5 காத்திருப்புக் கோடு வரை ஓடும்படி சொன்னார்கள். "நீங்கள்தான் முதலாவது" என்றும் சொன்னார்கள். திருப்பிச் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் விமானம் கோட்டைத் தாண்டி ஓடுபாதையில் ஏறி நின்றது. பின்னால் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ350 அதில் மோதியது. ஏர்பஸ்ஸில் இருந்த 379 பேரும் தப்பினார்கள். டாஷ் 8 இல் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள்.

லினாத்தேயில் விமானிக்குத் தான் எங்கே நிற்கிறேன் என்பது தெரியவில்லை. ஹனேடாவில் இடம் தெரிந்தது; அங்கே நிற்க அனுமதி இல்லை என்பதுதான் மனதில் பதியவில்லை. நகரும் படம் ஒன்று மடியில் இருந்திருந்தால் லினாத்தேயில் ஆர்6 இல் ஓடுவதை அது காட்டியிருக்கும். ஹனேடாவில் அதே படம் சி5 என்றும் ஓடுபாதை என்றும் சரியாகவே காட்டியிருக்கும், டாஷ் 8 இன் தலைமை விமானி தனக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்திருப்பார். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் இரண்டு கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: இடம் சொல்கிறதா? அனுமதி சொல்கிறதா?

காகிதப் படமும் கண்ணும்

ஒவ்வொரு நாட்டின் விமானப் போக்குவரத்துத் தகவல் நூலிலும், ஏஐபி என்று நாங்கள் சொல்கிற அதில், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஏடி 2 என்ற பகுதி இருக்கும். அதன் முடிவில் நிலையத்தின் படம் வரும். அமெரிக்காவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்ஏஏ இந்தப் படங்களை இலவசமாகத் தருகிறது. கனடாவில் ஃப்ளைட் சப்ளிமென்ட் என்ற நூலிலும் அவுஸ்திரேலியாவில் எர்சா என்ற நூலிலும் சின்னதாக வரைந்திருப்பார்கள். பழகுநர்கள் படத்தை மட்டும் அச்சடித்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடுகிறார்கள். படத்துக்கு முன்னால் 2.9, 2.20 என்ற எண்களில் இரண்டு பந்தி இருக்கும். ஒன்று தரையில் வழிகாட்டும் பலகைகளும் விளக்குகளும் என்னென்ன என்று சொல்லும். மற்றது அந்த இடத்துக்கே உரிய விதிகளைச் சொல்லும். எந்த டாக்ஸிவேயில் எது ஓடக்கூடாது, எங்கே முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும் போன்ற விஷயங்கள் அங்கேதான் கிடக்கும்.

காகிதத்தின் பலம் அதைப் பார்ப்பதில் இல்லை, அதில் எழுதுவதில் இருக்கிறது. என்ஜினை முடுக்கும் முன் நிற்கிற இடத்திலிருந்து ஓடுபாதை வரை பேனாவால் ஒரு கோடு இழுத்து, திரும்ப வேண்டிய இடங்களில் எழுத்தையும், ஓடுபாதையைக் குறுக்கறுக்கும் இடங்களில் ஒரு குறுக்குக் கோட்டையும் போட்டால், ஓடும்போது தலையைக் குனிய வேண்டிய தேவை பாதியாகக் குறையும். கன்ட்ரோலர் வேறு வழி சொன்னால் அந்தக் கோட்டை அடித்துவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டும். அப்படி அடிக்கிற நேரம் விமானம் ஓடக்கூடாது, நிற்க வேண்டும். ஹொட் ஸ்பொட் என்று வட்டம் போட்டிருக்கும் இடங்களையும் நிறமடித்து வைக்கலாம். முன்பு ஆட்கள் பிழைவிட்ட அல்லது பிழைவிடக்கூடிய சந்திகளைத்தான் அப்படிக் குறிக்கிறார்கள். அமெரிக்கப் படங்களில் 2022 மே முதல் வட்டமும் நீள்வட்டமும் தரையோட்டக் குழப்பத்தைக் குறிக்கும்; உருளை வடிவம், பிழையான ஓடுபாதையில் இறங்கவோ ஏறவோ வாய்ப்புள்ள இடத்தைக் குறிக்கும்.

படத்தோடு சேர்ந்து வேலை செய்வது வெளியே உள்ள பலகைகள். உலகம் முழுக்க அவற்றின் நிறம் ஒன்றுதான். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நீங்கள் இப்போது நிற்கிற டாக்ஸிவே. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தும் அம்பும் என்றால் அந்தப் பக்கம் திரும்பினால் வருவது. சிவப்பில் வெள்ளை எழுத்து என்றால் அதற்கு அப்பால் ஓடுபாதை, அல்லது அனுமதி இல்லாமல் நுழையக்கூடாத இடம். கறுப்பு நிற்கிற இடம், மஞ்சள் போகிற இடம், சிவப்பு கேட்கிற இடம் என்று பெடியளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். ஓடுபாதைக்கு முன் நிலத்தில் நாலு மஞ்சள் கோடு இருக்கும்: இரண்டு முழுக்கோடு, இரண்டு வெட்டுக்கோடு. முழுக்கோடு உங்கள் பக்கம் இருந்தால் நிற்க வேண்டும். ஓடுபாதையிலிருந்து வெளியே வரும்போது வெட்டுக்கோடு உங்கள் பக்கம் இருக்கும், நிற்காமல் தாண்டி வரலாம். ரேடியோவில் யார் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அனுமதியை நினைவூட்டுபவை இந்தக் கோடும் சிவப்புப் பலகையும். எந்தத் திரையும் அந்த வேலையை இவ்வளவு சுருக்கமாகச் செய்வதில்லை. டாக்ஸிவேகளுக்கு ஐ, ஓ, எக்ஸ் ஆகிய எழுத்துகளைப் பாவிப்பதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, பூச்சியம், மூடிய பாதைக்குப் போடும் பெருக்கற்குறி ஆகியவற்றோடு குழம்பாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. காதில் "ஓ" என்று விழுந்தால் பிழையாகக் கேட்டிருக்கிறீர்கள்.

திசைகாட்டியை மறக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பலாலியின் ஓடுபாதை 05/23; எண்ணைப் பத்தால் பெருக்கினால் அந்தப் பக்கம் ஓடும் திசையின் பாகை வரும். 05 ஆல் மேலெழும்ப அதன் தொடக்கத்துக்குப் போகும்போது, ஓடுபாதைக்குச் சமாந்தரமாக ஓடினாலும் ஓடுபாதையிலேயே பின்னோக்கி ஓடினாலும், ஊசி 230 பாகை அளவில் நிற்க வேண்டும். 050 காட்டினால் எதிர்ப்பக்கம் போகிறீர்கள். கடைசியில் ஓடுபாதையில் ஏறி நின்றதும் ஊசியும் ஓடுபாதை எண்ணும் பொருந்துகிறதா என்று ஒரு பார்வை. 2006 ஓகஸ்ட் 27 இல் அமெரிக்காவின் லெக்சிங்ரனில் கொம்எயர் ஜெற் ஒன்று 22 ஆம் ஓடுபாதைக்குப் பதிலாக 26 ஆம் ஓடுபாதையில் ஏறி ஓடியது. 22 இன் நீளம் 7,003 அடி, 26 இன் நீளம் 3,500 அடி. இருந்த 50 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். இரண்டு ஓடுபாதைக்கும் இடையே நாற்பது பாகை வித்தியாசம். முன்னால் இருந்த கருவி அதைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது.

அதே லெக்சிங்ரன்தான் காகிதத்தின் பலவீனத்தையும் சொல்கிறது. அங்கே கட்டுமான வேலையால் டாக்ஸிவேகள் மாறியிருந்தன. விமானிகளின் படம் அந்த மாற்றத்தைக் காட்டவில்லை. கட்டுநாயக்கவில் 2017 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஓடுபாதையைப் பகல் வேளையில் மூடித் திருத்தினார்கள். அப்படி ஒரு காலத்தில் போகிறவருக்குப் படம் மட்டும் காணாது. நோட்டம் என்கிற அறிவித்தல்களை வாசித்து, மூடிய பகுதியைச் சிவப்பால் அடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இன்னொரு குறை எல்லாருக்கும் தெரிந்தது: காகிதம் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லாது. ஒரு சந்தியைத் தவறவிட்டால் அதற்குப் பிறகு அந்தக் கோடு உங்களுக்கு உதவாது.

ஐபேட்

அந்தக் குறையைத்தான் ஐபேட் நிரப்புகிறது. ஃபோர்ஃப்ளைட், கார்மின் பைலட், ஐரோப்பாவில் ஸ்கைடெமன், அவுஸ்திரேலியாவில் ஓஸ்ரன்வேஸ், ஏவிபிளான் என்று செயலிகள் பல உண்டு. நிலையத்தின் படத்தின் மேல் உங்கள் விமானம் ஒரு சின்னமாக நகரும். சில செயலிகள் ஓடுபாதையை நெருங்கும்போது வாய்விட்டே சொல்லும். இரவில், மழையில், புது இடத்தில் இது தருகிற நிம்மதி பெரியது. ஊகித்துக்கொண்டிருக்கிற நேரத்தை மிச்சம் பிடித்து வெளியே பார்க்கலாம்.

ஆனால் வாங்குமுன் சில விஷயம் விளங்கியிருக்க வேண்டும். முதலாவது, துல்லியம். அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளம் சொல்வதன்படி, திறந்த வானத்தின் கீழ் ஸ்மார்ட்போன் ஒன்றின் பிழை சாதாரணமாக 4.9 மீற்றர் ஆரைக்குள் இருக்கும். மிகச் சிறிய விமானங்களுக்கான டாக்ஸிவேயின் ஆகக் குறைந்த அகலமாக சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ வைத்திருப்பது 7.5 மீற்றர். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த டாக்ஸிவேயில் இருக்கிறீர்கள் என்பதைத் திரை நம்பத்தகுந்த விதத்தில் சொல்லும். காத்திருப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைச் சொல்லாது. அதற்கு யன்னலுக்கு வெளியே பார்ப்பதைத் தவிர வழியில்லை.

இரண்டாவது, திசை. ஜிபிஎஸ் நகர்வை வைத்துத்தான் திசையைக் கணிக்கிறது. நீங்கள் ஒரு சந்தியில் நின்றுவிட்டால் சின்னம் தன்பாட்டில் எந்தப் பக்கமும் திரும்பலாம். நின்று யோசிக்கிற நேரத்தில்தான் திசை கூடுதலாகத் தேவை, அப்போதுதான் அது கைவிடும். விமானத்தின் திசைகாட்டியை இங்கேயும் கேட்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, படம் எங்கிருந்து வருகிறது என்பது. இணையத்திலிருந்து பிடிஎஃப் ஆக இறக்கிய படத்தை ஐபேட்டில் திறந்தால் அது வெறும் காகிதம்தான். பூமியின் ஆள்கூறுகளோடு பிணைத்த படத்தில் மட்டுமே விமானச் சின்னம் வரும். நீங்கள் சந்தா கட்டுகிற செயலி நீங்கள் பறக்கிற நாட்டின் நிலையங்களை அப்படிப் பிணைத்துத் தருகிறதா என்று கேட்காமல் டொலரில் காசைக் கட்டக்கூடாது. வட அமெரிக்காவில் ஒரு செயலியைப் புகழ்கிறார்கள் என்பதற்காக அது இரத்மலானையிலும் அதே வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தரவு 28 நாளுக்கு ஒருமுறை மாறும். புதுப்பிக்காவிட்டால் பழைய காகிதத்துக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. சொல்லப்போனால் காகிதத்தைவிட ஆபத்து, ஏனென்றால் சின்னம் நகர்வதைப் பார்த்ததும் படமும் புதிது என்ற நம்பிக்கை தானாக வந்துவிடும்.

பிறகு வெயில். ஐபேட்டைப் பாவிக்கக்கூடிய சூழல் வெப்பம் 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரை என்று அப்பிள் சொல்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் பலாலித் தரிப்பிடத்தில் கண்ணாடியை மூடி நிற்கிற ஒரு செஸ்னாவுக்குள் அந்த எல்லை எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்லத் தேவையில்லை. சூடேறினால் திரை மங்கும், அதற்கும் மேலே போனால் தன்பாட்டில் நின்றுவிடும். போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் சில கோணங்களில் திரை முழுக்க இருண்டு தெரியும். சுக்கானில் பூட்டி வைத்தால் கட்டுப்பாட்டின் முழு அசைவுக்கும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் சரிசெய்யலாம். சரிசெய்ய முடியாதது ஒன்று இருக்கிறது: திரை தலையைக் கீழே இழுக்கும். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் கூகிள் மேப்பைப் பார்த்துக்கொண்டு மோட்டார்சைக்கிள் ஓடுகிறவன் எதிரே வருகிற ஓட்டோவைக் காணாமல் விடுவது மாதிரித்தான். அவனுக்கு வழி தெரியும். ஆனால் ஒழுங்கையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. எஃப்ஏஏ தரையில் சொந்த விமானத்தின் நிலையைத் திரையில் காட்ட அனுமதிக்கிறது, ஆனால் சூழலை விளங்கிக்கொள்ள ஒரு துணையாக மட்டுமே. வெளியே பார்ப்பதற்குப் பதிலாக அல்ல. அனுமதி என்ற கேள்விக்கு ஐபேட்டிடம் பதிலே கிடையாது. "ஓடுபாதையை நெருங்குகிறாய்" என்று சொல்லும். "ஏறலாம்" என்று சொல்லாது.

கேட்டுப் போவது

வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்று எங்கள் ஆச்சிமார் சொன்னது டாக்ஸிவேக்கும் பொருந்தும். அனுமதி என்ற கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் கன்ட்ரோலர். வழியும் அவரிடமே கேட்கலாம். அமெரிக்காவில் "ப்ரோகிரசிவ் டாக்ஸி" என்று கேட்பார்கள். ஐகாவோ முறையைப் பின்பற்றும் நாடுகளில் "ரிக்குவெஸ்ட் டீற்றெயில்ட் டாக்ஸி இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்" என்று கேட்டால் போதும். கேட்டதும் முழு வழியையும் ஒரே மூச்சில் கொட்டாமல், "அடுத்த சந்தியில் இடப்பக்கம், பிறகு நில்" என்று படிப்படியாகத் தருவார்கள். காசு ஒன்றும் செலவில்லை. சந்தா இல்லை, பற்றறி இறங்காது.

இதைக் கேட்காமல் விடுவதற்குக் காரணம் வெட்கம். எங்கள் பிள்ளைகளுக்கு அது கூட. ரேடியோவில் மற்ற விமானிகள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க, தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் "எனக்கு வழி தெரியாது" என்று சொல்வதைவிட, தெரிந்த மாதிரி "ரொஜர்" சொல்லிவிட்டுப் போவது சுலபமாக இருக்கிறது. "ரொஜர்" என்றால் கேட்டுவிட்டேன் என்றுதான் பொருள். விளங்கியது என்பதற்கு அது அத்தாட்சி இல்லை. ஓடுபாதையைப் பற்றிய எந்தச் சொல்லையும், காத்திரு, குறுக்கே போ, ஏறி நில் எதுவானாலும், முழுதாகத் திருப்பிச் சொல்லத்தான் வேண்டும். முதல் அழைப்பிலேயே "ஸ்டூடன்ட் பைலட், அன்ஃபமிலியர்" என்று சேர்த்துவிட்டால் கன்ட்ரோலரின் பேச்சு வேகமே குறையும். அவருக்கும் அது நல்லது. வழி தெரியாமல் ஓடுபாதைக்குள் நுழைகிற ஒருவனைவிட, ஒரு நிமிடம் அதிகமாகக் கேள்வி கேட்கிற ஒருவனை அவர் விரும்புவார்.

குறைகள் இல்லாமல் இல்லை. நெரிசல் நேரத்தில் "ஸ்டாண்ட்பை" என்று சொல்லி நிறுத்தி வைப்பார்கள், நிற்க வேண்டியதுதான். கோபுரம் இல்லாத நிலையங்களிலும், கோபுரம் மூடிய பிறகும் கேட்க ஆளில்லை. மூடுபனியில் தரை ராடர் இல்லாத கன்ட்ரோலருக்கு நீங்கள் சொல்வதுதான் தெரியும். லினாத்தேயில் நடந்தது அதுதான். எண்ணிக்கையால் வழி சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். 1977 மார்ச் 27 இல் தெனெரீஃபில் மூடுபனிக்குள் ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருந்த பான் ஆம் 747 க்கு மூன்றாவது வெளியேறும் பாதையால் விலகச் சொன்னார்கள். எது மூன்றாவது என்பதில் குழப்பம் வந்தது. விமானம் அதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தபோது எதிரே கேஎல்எம் 747 மேலெழும்ப வந்தது. 583 பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்கு வேறு பெரிய காரணங்கள் உண்டு, ஆனால் "இரண்டாவது இடப்பக்கம்" என்று காதில் விழுந்தால் அதன் எழுத்து என்ன என்று கேட்டு, படத்தில் விரலை வைத்துப் பார்க்கிற பழக்கத்துக்கு இது ஒன்றே காணும்.

வழிகாட்டி வாகனம் வருகிற இடத்தில் அதைக் கேட்டு எடுப்பது நல்லதுதான், பின்னாலே போக வேண்டியது மட்டும். ஆனால் பழகுநர் போகிற நிலையங்களில் அதை எதிர்பார்க்க முடியாது. முகப்புப் பலகையில் பூட்டிய கார்மின் திரையில் டாக்ஸிவே படம் வந்தால் ஐபேட்டைவிட அது மேல். சூடேறி அணையாது, செய்மதி சமிக்ஞையும் ஒழுங்காகப் பிடிக்கும். பயிற்சிப் பள்ளி விமானத்தில் அது இருக்கிறதா இல்லையா என்பதை நாங்கள் தீர்மானிப்பதில்லை.

எந்த இடத்துக்கு எது

பலாலியில் ஓடுபாதை ஒன்றுதான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம் அது. 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்த பிறகு, இடையில் 2020 முதல் 2022 வரை நின்றிருந்தாலும், சென்னையிலிருந்து ஏடிஆர் பயணிகள் விமானம் வந்து போகிறது. இப்படியான இடத்துக்கு ஐபேட் தேவையே இல்லை என்பது என் கருத்து. காகிதமும், திசைகாட்டியும், ஒரு கேள்வியும் காணும். இங்கே கவனிக்க வேண்டியது வேறு: இது விமானப்படைத் தளமும்தான். இரத்மலானையும், கட்டுநாயக்கவும், திருகோணமலையின் சீனன்குடாவும் அப்படித்தான். பிழையாகத் திரும்பினால் வேறு டாக்ஸிவேக்கு மட்டுமல்ல, படைப் பக்கத்துக்கும் போய்விடலாம். அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு ஒரு பின்னேரம் போய்விடும். ஏஐபியின் 2.20 ஐ வாசியுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான். சந்தேகம் வந்த இடத்தில் நின்று கேட்டுவிட்டு நகர்வதுதான் இங்கே மலிவு.

இரத்மலானையில் பழகுகிறவருக்கு நிலையம் கொஞ்ச நாளில் கைவந்துவிடும். அங்கே நான் காகிதத்தை முதலில் வைப்பதற்குக் காரணம் பாதுகாப்பு மட்டுமல்ல. தொடக்கத்திலேயே சின்னம் நகர்வதைப் பார்த்து ஓடப் பழகியவர் பலகை வாசிக்கப் பழகுவதில்லை. பிறகு திரை அணைகிற நாளில் அவருக்கு வெளியே உள்ள மஞ்சளும் கறுப்பும் ஒரு செய்தியும் சொல்லாது. கட்டுநாயக்கவுக்குச் சின்ன விமானத்தில் போக நேர்ந்தால், இரவு என்றால் கட்டாயம், முதல் அழைப்பிலேயே படிப்படியான வழி கேளுங்கள். அங்கே ஓடுபாதை ஒன்றுதான், 3,350 மீற்றர். ஆனால் உங்கள் பின்னால் நிற்பது அகன்ற உடல் ஜெற்.

மெல்பேர்ணின் மூரபின் நிலையத்தில் கதை வேறு. ஐந்து ஓடுபாதை: 17/35 இணையாக இரண்டு, 13/31 இணையாக இரண்டு, குறுக்கே 04/22. ஒரு தரிப்பிடத்திலிருந்து புறப்பட்டால் ஓடுபாதையைக் குறுக்கறுக்காமல் போக முடியாத வழிகள் வரும். "13 லெஃப்ட்" என்பதையும் "13 ரைட்" என்பதையும் மாறிக் கேட்டால் நிலைமை சிக்கல். சிட்னியின் பாங்ஸ்ரவுனில் மூன்று ஓடுபாதை சமாந்தரமாகக் கிடக்கிறது. இப்படியான இடத்தில் பழகுகிற தம்பி, தங்கைக்கு நான் ஐபேட் வாங்கு என்றுதான் சொல்வேன், அதுவும் தனிப்பறப்புக்குப் போகத் தொடங்குகிற கட்டத்தில். பயிற்றுநர் பக்கத்தில் இருக்கிற காலத்தில் காகிதத்தோடு ஓடட்டும். தனியே போகும்போது இரண்டாவது கண்ணாகத் திரை இருக்கட்டும். ரொறொன்ரோப் பக்கத்தில் மார்க்கத்தில் இருந்த பட்டன்வில் நிலையம் 2023 இல் மூடப்பட்டது. பழகிய இடத்தை விட்டு வேறு நிலையத்துக்கு மாறுகிறவருக்கு முதல் சில வாரங்கள் மட்டும் ஐபேட் உண்மையாகவே உதவும், பிறகு அதன் தேவை குறையும். அந்தச் சில வாரத்துக்கு வருடச் சந்தா கட்ட வேண்டுமா என்று யோசிக்கலாம். பல செயலிகள் இலவசப் பரீட்சார்த்தக் காலம் தருகின்றன.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். வைஃபை மட்டும் உள்ள ஐபேட்டில் ஜிபிஎஸ் இல்லை. கடைக்காரர் மலிவாகக் காட்டுவது பெரும்பாலும் அதைத்தான். வீட்டில் வைஃபை உதவியால் இடம் காட்டும், ஓடுபாதை நடுவில் காட்டாது. சிம் போடக்கூடிய வகையை எடுங்கள், சிம் போடத் தேவையில்லை. ஏற்கெனவே வைஃபை வகை கையில் இருந்தால் புளூடூத்தில் இணையும் தனி ஜிபிஎஸ் பெட்டி ஒன்று வாங்கினால் போதும். கையிலிருக்கிற அன்ட்ரொய்ட் போனிலேயே ஜிபிஎஸ் இருக்கிறது. திரை சின்னது என்றாலும், உங்கள் நாட்டுச் செயலி அதில் ஓடுமானால் முதல் மாதம் அதில் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.